திருவரங்கத்துச் சுஜாதாவும் அறிவியல் புனைகதை வாசிப்பும்

ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு வகுப்புத் தொடங்கிய சில வாரங்களில் எம்மிடம் ஒரு வினா வருகிறது. பெரும்பாலும் இயற்பியலோ கணினி அறிவியலோ முதன்மைப் பாடமாகக் கொண்டு, பகுதி ஒன்றில் தமிழ் பயிலும் மாணவர்களே அதனைக் கேட்கின்றனர். அறிவியல் புனைகதைகளில் எவற்றைப் படிக்கலாம், தமிழில் எவை உள்ளன என்பதே அவ்வினா. நாமும் சற்றும் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்லி அனுப்பி விடுகிறோம். அப்பெயர் சுஜாதா. அவர்களும் நூலகத்திற்குச் சென்று இரண்டு நூல்களைப் படித்து முடித்துத் திரும்பி வந்து, அடுத்து என்ன என்று கேட்கின்றனர். அப்பொழுதுதான் நமக்குச் சொல்வதற்குச் சொல் இல்லாமற் போகிறது. தொடங்கிய பெயரிலேயே முடிந்துவிடும் ஒன்றைப் பட்டியல் என்று அழைத்தல் பொருந்துமா? வாழ்நாள் முழுவதும் பிறர் நூல்களைச் சுட்டிக்காட்டுவதையே ஒரு கடமையாகக் கொண்டிருந்த ஒருவரை, அவரோடு நின்றுவிடும் வாசிப்புக்குக் காரணமாக்குவது அவருக்கு நாம் செய்யும் சிறப்பாகாது. ஆதலின் அவர்தம் வாழ்க்கையை, அவர் வாசித்ததும் வாசிக்கச் செய்ததும் என்னும் நோக்கில் இம்மலரில் ஓரளவு எடுத்துரைக்க விழைகிறோம்.

ரங்கராஜன் என்னும் இயற்பெயர் கொண்ட சுஜாதா 1935ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ராகவன், தாயார் கண்ணம்மா. தந்தையாருக்கு அடிக்கடி பணியிட மாற்றம் நேர்ந்ததால் சிறுவர் திருவரங்கத்தில் பாட்டியாரின் அரவணைப்பில் வளர்ந்தார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் தீவாகக் கிடக்கும் அவ்வூரை நம் மாணவர்க்கு விவரிக்க வேண்டுவதில்லை. ஏழு திருச்சுற்றுகளும், அவற்றுள் சிலவற்றையே வாழும் வீதிகளாகக் கொண்ட குடியிருப்புகளும் அமைந்த ஊர் அது. இன்று நாம் காணும் 236 அடி உயரத் தெற்கு இராசகோபுரம் 1987ஆம் ஆண்டில்தான் நிறைவுற்றது. ரங்கராஜன் பள்ளிச் சிறுவராக இருந்த நாளில் அது மொட்டைக் கோபுரமாகவே நின்றது. அவ்வீதிகளின் மனிதர்களைப் பின்னாளில் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ என்னும் தொகுப்பில் அவர் உயிரோடு எழுப்பிக் காட்டினார். அறிவியல் கதைகளுக்காக மட்டும் அவரை நாடும் மாணவர்களும் அந்நூலைத் தவறவிடலாகாது என்பது எம் கருத்து. எந்திரங்களைப் பற்றி எழுதும்போதும் அவர் மொழியில் வெப்பம் குன்றாதிருந்ததற்கு அவ்வீதிப் பேச்சே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

திருவரங்கத்துப் பள்ளிப் படிப்பை முடித்தபின் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். 1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883இல் திருச்சிக்கு வந்த கல்லூரி அது; ‘கோனார் உரை’ என்று தமிழகத்துப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த உரைகளை எழுதிய அய்யம்பெருமாள் கோனார் தமிழ் கற்பித்த கல்லூரியும் அதுவே. இராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாமும் அக்காலத்தில் அங்கேயே இயற்பியல் பயின்றார். இருவரும் பின்னர்ச் சென்னைக் குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரிக்குச் சென்றனர். கலாம் வானூர்திப் பொறியியலையும் ரங்கராஜன் மின்னணுவியலையும் தேர்ந்தனர். ஒருவர் ஏவுகணை அமைத்து நாட்டின் குடியரசுத் தலைவரானார். மற்றவர் கதையெழுதி வீட்டுக்கு வீடு அறியப்பட்டார். திருச்சிக்காரர்கள் இவ்விருவரையும் ஒரே மூச்சில் சொல்லி மகிழ்வதில் வியப்பில்லை.

அவருடைய முதற்கதை அச்சேறியதும் திருச்சியில்தான். திருலோக சீதாராம் ஆசிரியராக இருந்து நடத்திய ‘சிவாஜி’ இதழில் 1953இல் அது வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. வானூர்திப் போக்குவரத்துத் துறையில் பணியேற்றுச் சென்னையிலும் தில்லியிலும் இருந்தார். 1962இல் குமுதத்தில் ஒரு கதை ரங்கராஜன் என்ற பெயரிலேயே வந்தது. அவ்விதழில் ரா.கி. ரங்கராஜன் என்னும் எழுத்தாளர் ஏற்கனவே புகழோடு விளங்கியமையால் பெயர்க்குழப்பம் நேராதிருக்கத் தம் மனைவியார் பெயரையே புனைபெயராகக் கொண்டார். 1968இல் ‘நைலான் கயிறு’ தொடராக வெளிவந்ததும் அப்பெயர் நிலைத்துவிட்டது.

மக்கள் அறிந்தது இந்தச் சுஜாதாவை. ஆயினும் நம் பொருளுக்கு உரியது அவருடைய மற்றொரு பெயர். 1965இல் தில்லியில் கஸ்தூரிரங்கன் தொடங்கிய ‘கணையாழி’ இதழின் கடைசிப் பக்கத்தில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்னும் பெயரில் அவர் எழுதத் தொடங்கினார். முப்பதாண்டுகளுக்கும் மேலாக, 1998 வரையில், அப்பக்கம் தொடர்ந்தது. இதழை வாங்கியவர் பலர் பின்புறமிருந்தே அதனைப் படிக்கத் தொடங்கினர் என்று மூத்தோர் கூறக் கேட்டிருக்கிறோம். தாம் படித்த கவிதை, பார்த்த படம், வியந்த அறிவியல் செய்தி, பிழையாகக் கண்ட ஒரு சொல் என எல்லாம் அங்கே இடம்பெற்றன. பிற்காலத்தில் ஆனந்த விகடனில் வந்த ‘கற்றதும் பெற்றதும்’ அதே பணியைப் பன்மடங்கு வாசகரிடம் கொண்டு சேர்த்தது. ஊரிலிருந்தே தம் பெயரை எடுத்துக்கொண்டு, உலகத்து நூல்களைத் தமிழனுக்கு அறிமுகம் செய்தார் என்பது கருதத்தக்கது. நூலறிமுகம் என்றால் நீண்ட கட்டுரையும் அடிக்குறிப்பும் வேண்டும் என்று கல்லூரி ஆசிரியர்களாகிய நாம் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், நான்கு வரியில் ஒரு நூலைத் தேடச் செய்யும் வித்தையை அவர் அறிந்திருந்தார்.

அவ்வறிமுகத்தால் பயன்பெற்றோருள் நம் மாவட்டத்தவர் ஒருவரும் உண்டு. துவரங்குறிச்சியில் பிறந்து, மிக இளம் பருவத்திலேயே கவிதை எழுதத் தொடங்கிய மனுஷ்ய புத்திரனைத் தொடக்க நாளிலேயே எடுத்துக்காட்டியவர்களுள் சுஜாதா முதன்மையானவர். பின்னாளில் அக்கவிஞர் நடத்திய உயிர்மை பதிப்பகமே சுஜாதாவின் நூல்கள் பலவற்றைச் செம்மையான பதிப்புகளாக வெளியிட்டது. ஒரு பரிந்துரை எத்தகைய விளைவைத் தரக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி அறிவியல் புனைகதைக்கு வருவோம். அவருக்கு முன்னரே தமிழில் அறிவியலை எளிமையாக எழுதியவர்கள் இருந்தனர். பெ.நா. அப்புஸ்வாமி அவர்களின் கட்டுரைகளை இன்றும் மூத்த ஆசிரியர்கள் நினைவுகூர்வர். ஆனால் அறிவியலைக் கதையின் அடித்தளமாகவே அமைத்து, அதனைப் பல இலட்சம் பேர் வாரந்தோறும் காத்திருந்து படிக்கும்படிச் செய்தவர் சுஜாதாவே. தில்லியிலிருந்து பெங்களூரு சென்று பாரத் மின்னணு நிறுவனத்தில் பணியாற்றிய காலத்தில்தான் இக்கதைகள் பெருகின. 1970களில் வந்த ‘சொர்க்கத் தீவு’ கணிப்பொறியின் ஆட்சிக்கு உட்பட்ட ஒரு தீவைக் காட்டியது. நம் ஊர்களில் கணிப்பொறியைக் கண்ணால் கண்டோர் மிகச் சிலராக இருந்த காலம் அது.

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ அவருடைய அறிவியல் புதினங்களுள் தலையாயது. கதை நிகழும் காலம் 2021 என வகுத்துக்கொண்டார். அந்நாட்டில் குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். குடிமக்களின் பெயர்கள் இரண்டெழுத்துக்கு மேல் நீளலாகாது. ஜீவா என்னும் தலைவரை எங்கும் எல்லாரும் போற்றியாக வேண்டும். இவற்றின் நடுவே நிலா என்னும் எளிய பெண்ணும், ஜீனோ என்னும் எந்திர நாயும் வருகின்றனர். ஜீனோ நூல்களைப் படிக்கிறது. படிக்கப் படிக்கச் சிந்திக்கிறது. சிந்திப்பதனால் ஆள்வோர்க்கு ஆபத்தாகிறது. வாசிப்பின் ஆற்றலை இதனினும் எளிதாக ஒரு பதினேழு வயது மாணவனுக்குச் சொல்லிவிட முடியாது. பின்னர் ‘மீண்டும் ஜீனோ’ வந்தது. தொலைக்காட்சித் தொடராகவும் இக்கதை வீடுகளுக்குள் நுழைந்தது. 2021ஆம் ஆண்டு வந்து போயிற்று. அவர் எழுதியவற்றுள் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று மாணவர்கள் கணக்கெடுப்பதைக் காண்கிறோம். அறிவியல் கதையாசிரியன் சோதிடன் அல்லன். பெயரைச் சுருக்குவோன் நினைவையும் சுருக்குவான் என்னும் அச்சமே அக்கதையில் நாம் காணவேண்டியது.

இவ்விடத்தில் சில குறைகளையும் மறைக்காது கூறுதல் நேர்மை. ஜீவாவின் நாடு ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் எழுதிய ‘1984’ புதினத்தின் நாட்டுக்கு மிக அண்மையில் இருக்கிறது. ஜீனோ போன்ற எந்திரங்களுக்கு ஐசக் அசிமோவின் ‘நான், ரோபோ’ என்னும் 1950ஆம் ஆண்டுத் தொகுப்பு பாட்டன் முறையில் நிற்கிறது. வார இதழின் அவசரத்தால் சுஜாதாவின் புதினங்கள் பல, தொடக்கத்தில் காட்டும் நிதானத்தை முடிவில் காட்டுவதில்லை. பெண்களை அவர் வருணிக்கும் முறையில் நம் சமுதாயப் பெரியோர்கள் மட்டுமன்றி இன்றைய மாணவியரும் மனக்குறை கொள்வதுண்டு. அக்குறையில் நியாயம் இருக்கிறது. ஆயினும் ஆங்கில நூலைக் கையால் தொடும் வாய்ப்பே இல்லாத ஒரு மாணவனுக்கு, ஆர்வெலும் அசிமோவும் எழுப்பிய வினாக்களை அவன் தாய்மொழியில் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். பாலம் அமைத்தவரைக் குறித்து, அக்கரையையும் இவரே படைத்திருக்கலாகாதா என்று கேட்பது மிகை. பாலத்தின்மேலேயே நின்றுவிடுவது நம் பிழை.

சிறுகதைகளில் இந்தக் கடன் மிகக் குறைவு. வருங்காலத்துத் திருமலைப் பயணத்தைக் கற்பனை செய்யும் ‘திமலா’ வேறெந்த நாட்டு எழுத்தாளராலும் எழுதப்பட்டிருக்க முடியாதது. எந்திரங்கள் எவ்வளவு மாறினும் வரிசையில் காத்திருக்கும் மனிதன் மாறுவதில்லை என்னும் நகை அதில் ஊடாடுகிறது. திருவரங்கத்து வீதியில் வளர்ந்தவருக்கே அது கைவரும். அறிவியல் கதை அல்லாதாயினும், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட கொடுமையை உட்பொருளாகக் கொண்ட ‘ஒரு லட்சம் புத்தகங்கள்’ என்னும் சிறுகதையையும் இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க இயலவில்லை. நூல்களை எரிக்கும் வருங்கால நாடு ஒன்றை ரே பிராட்பரி 1953இல் ‘ஃபாரன்ஹீட் 451’ என்னும் புதினமாக எழுதினார். அவர் கற்பனையாக எழுதியதை நம் காலத்தில் நம் மொழியினர் நேரில் கண்டனர். இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிக்குமாறு மாணவர்களை வேண்டுகிறோம்.

கதைக்கு அப்பாலும் அவர் பணி விரிந்தது. வாசகர் வினாக்களுக்கு விடையாக ‘ஏன்? எதற்கு? எப்படி?’, மூளையைப் பற்றித் ‘தலைமைச் செயலகம்’, கணிப்பொறியின் உட்பகுதியைப் பற்றிச் ‘சிலிக்கான் சில்லுப் புரட்சி’ என நூல்கள் வந்தன. பாரத் மின்னணு நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்கும் பணியில் முன்நின்றார். 1982இல் கேரளத்துப் பரவூரில் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட அவ்வகை எந்திரம், 2004ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் பயன்பட்டது. அறிவியலை மக்களிடம் பரப்பியமைக்காக 1993இல் நடுவணரசின் தேசிய விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஓய்வுக்குப்பின் சென்னையில் குடியேறினார். திரைப்படங்களுக்கு உரையாடல் எழுதினார். அவற்றைப் பற்றி ஏனையோர் நிரம்ப எழுதியுள்ளமையால் நாம் கடந்து செல்கிறோம்.

2008ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அகவை 72. அதற்கு மூன்று வாரங்கள் கழித்து, மார்ச் 19 அன்று, கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க் மறைந்தார். 1956 முதல் இலங்கையையே தம் வீடாகக் கொண்ட கிளார்க், அத்தீவின் சாயலில் ஒரு நாட்டைப் படைத்து, விண்ணுக்கு மின்தூக்கி அமைக்கும் கதையை 1979இல் ‘சொர்க்கத்தின் ஊற்றுகள்’ என்று பொருள்படும் ஆங்கிலப் புதினமாக எழுதியவர். காவிரிக்கரையில் வளர்ந்தவரும் கடல்கடந்து அண்டை நாட்டில் வாழ்ந்தவரும் ஒரே மாத இடைவெளிக்குள் விடைபெற்றது நினைவில் நிற்கிறது.

அடுத்து என்ன என்று கேட்கும் மாணவருக்குச் சுஜாதாவுக்கு அப்பாலும் பாதை உண்டு. தமிழிலேயே ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பு நம் மரபின் மருத்துவமும் தத்துவமும் அறிவியலோடு உரையாடும் கதைகளைக் கொண்டது. சுதாகர் கஸ்தூரியின் ‘6174’ ஓர் எண்ணின் வியப்பிலிருந்து புதினம் படைக்கிறது. கணிதத்துறை மாணவர்கள் இதனை விரும்புவர். தமிழ்மகனின் ‘ஆபரேஷன் நோவா’ வார இதழ்த் தொடர் மரபைத் தொடர்கிறது. பிற இந்திய மொழிகளில் சத்யஜித் ராய் 1961 முதல் வங்கத்தில் எழுதிய பேராசிரியர் ஷோங்கு கதைகளும், வானியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகர் மராத்தியில் எழுதியவையும் ஆங்கில வழியே கிடைக்கின்றன. மேலைநாட்டில் எச்.ஜி. வெல்ஸின் ‘கால எந்திரம்’ 1895இல் வந்தது. சிறியது, தொடக்கத்திற்கு ஏற்றது. ஆர்வெலுக்கு முன்னரே அத்தகைய நாட்டைப் படைத்த ருசியர் சம்யாத்தினின் ‘நாம்’ என்னும் புதினத்தைப் படித்தால், எவரும் எவரிடமிருந்தும் கடன்பெறாமல் எழுதுவதில்லை என்பது விளங்கும். சுஜாதாவின்மீது நாம் முன்னர்ச் சொன்ன குறையின் கனமும் அப்பொழுது சற்றுக் குறையும்.

இருவேறு நூல்களை நம் கல்லூரி மாணவர்க்குச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். கடலடிக் கலத்தில் உலகைச் சுற்றும் கேப்டன் நெமோவை ழூல் வெர்ன் 1870இல் படைத்தார். அவர் எந்நாட்டவர் என்பதை ‘மர்மத் தீவு’ என்னும் பிற்புதினத்தில்தான் வெளிப்படுத்தினார். நெமோ புந்தேல்கண்டு இளவரசர். திப்பு சுல்தானின் உறவினர். ஆங்கிலேயர்க்கெதிராக 1857இல் போரிட்டவர். உலக அறிவியல் புனைகதையின் முதல் பெருநாயகர்களுள் ஒருவர் இந்தியர் என்பதை நாம் பாடத்தில் சொல்லத் தவறிவிடுகிறோம்.

மற்றொன்று ‘சுல்தானாவின் கனவு’. வங்கத்து இசுலாமியப் பெண்மணியான ரொக்கையா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய இச்சிறுகதை 1905இல் வெளிவந்தது. வெளிவந்த இடம் கல்கத்தா அன்று, நம் சென்னை. கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்த இந்திய மகளிர் இதழ் அதனை அச்சிட்டது. சுஜாதா அதே நகரில் பிறப்பதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்பு, பெண்களே ஆளும் நாடும், ஞாயிற்றின் வெப்பத்தால் சமையலும், மேகத்திலிருந்து நீர் எடுக்கும் கருவியும், வானில் பறக்கும் வண்டியும், பெண்களுக்கான பல்கலைக்கழகங்களும் அதில் வந்துவிட்டன. அவ்வம்மையார் பின்னர்க் கல்கத்தாவில் பெண்களுக்கெனப் பள்ளி நடத்தி வீடு வீடாகச் சென்று மாணவியரைச் சேர்த்தவர். அறிவியல் புனைகதை இளைஞரின் வீண்பொழுது என்று கருதும் பெரியோர் எவரேனும் இருப்பின், அவர்கள் முதலில் இதனைப் படிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். ஒரே அமர்வில், ஒரு மணி நேரத்திற்குள், முடித்துவிடக் கூடிய நூல் அது.